துரோகக் கதையில் ஆங்கிலம் பழகுதல்: ‘த பெயின்டட் வெய்ல்’ நாவலோடு 12 வாரம்

திருகோணமலையில் ஆங்கிலம் பழக வருகிறவர்களில் பலருக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. காலவகைகளைப் பள்ளிக்கூடத்தில் அட்டவணையாகப் பாடமாக்கியிருக்கிறார்கள். உப்புவெளி ஹோட்டலில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று அறை தயார் என்று சொல்லவும் வரும். திணறுவது வேறு மூன்று இடங்களில். உறுதியாகத் தெரியாத ஒன்றை ஊகமாகச் சொல்லவேண்டி வரும்போது ஒன்று. கோபத்தை மரியாதைக்குள் மடித்துப் பேசும்போது இன்னொன்று. ஒருவர் சொன்னதை, தான் நம்பவில்லை என்பதும் தெரியும்படி, எடுத்துச் சொல்வது மூன்றாவது.

இந்த மூன்றும் பக்கத்துக்குப் பக்கம் வருவது மணவாழ்வுத் துரோகம் பற்றிய நாவல்களில்தான். அங்கே ஒருவர் பொய் சொல்கிறார், ஒருவர் சந்தேகப்படுகிறார், ஒருவர் எல்லாம் தெரிந்தும் தெரியாதவர்போல் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார். இலக்கணம் அங்கே உயிர்ப் பிரச்சினை. கோவலன் மாதவியிடம் போன கதையையும், மருதத்திணையில் பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனுக்கு வாயில் மறுக்கும் பாட்டுகளையும் படித்து வளர்ந்தவர்களுக்கு விஷயம் புதிதுமல்ல. வீட்டில் யாராவது அட்டையைப் பார்த்து முகம் சுளித்தால் சிலப்பதிகாரத்தை நினைவூட்டலாம்.

எந்த நாவல்?

இந்த வேலைக்குச் சோமர்செட் மோம் எழுதி 1925இல் வெளிவந்த ‘த பெயின்டட் வெய்ல்’ மிகவும் பொருந்தும். ஹொங்கொங்கில் வேலை செய்யும் நுண்ணுயிரியலாளர் வால்டர் ஃபேன், அவர் மனைவி கிட்டி, அவளுடைய காதலன் சார்லி டவுன்செண்ட் என்று முக்கியமான ஆட்கள் மூன்றே பேர். உண்மை தெரிந்ததும் கணவன் மனைவியை வாந்திபேதி பரவிய உள்நாட்டு ஊருக்குத் தன்னோடு வரச் சொல்கிறான், மறுத்தால் விவாகரத்து. வசனம் சுருக்கம், வாக்கியம் நேர். மொத்தம் 80 அத்தியாயம். பதிப்பைப் பொறுத்து 200 முதல் 250 பக்கம். ஓர் அத்தியாயம் பெரும்பாலும் இரண்டு, மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு இந்த நீளம்தான் சரி.

இதே பொருளில் பெயர்பெற்ற மற்ற நூல்களை ஏன் முதலில் எடுக்கக்கூடாது? ‘மேடம் பொவாரி’ பிரெஞ்சு, ‘அன்னா கரெனினா’ ருஷ்யன். இரண்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பாகவே கிடைக்கும்; இரண்டாவது 800 பக்கத்தை எட்டும். ஈடித் வார்ட்டனின் ‘ஈதன் ஃப்ரோம்’ சிறியதுதான், ஆனால் பனி, சறுக்குவண்டி, மரம் அறுக்கும் ஆலை என்று நமக்குப் பயன்படாத சொற்கள் நிறைய. கேட் சோப்பினின் ‘த அவேக்கனிங்’ இரண்டாவது நூலாக நல்லது: 39 அத்தியாயம், கடற்கரை, வெயில், ஈரக்காற்று. நிலாவெளியில் இருப்பவருக்குச் சூழலை விளக்கத் தேவையில்லை.

பிரதி வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். மோம் இறந்தது 1965இல். இலங்கைச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. ஆகவே இணையத்தில் சும்மா கிடக்கும் கோப்பை இறக்காமல் அச்சுப் பிரதியை, பழைய புத்தகமாகவாவது, வாங்குங்கள். பென்சில் கோடு போடவும் அதுதான் வசதி. சோப்பினும் வார்ட்டனும் காலம் கடந்தவர்கள்; அவர்களை குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். இரண்டாவது: சில பழைய பிரதிகளில் ஹொங்கொங் என்ற பெயரே இருக்காது, ட்சிங்-யென் என்று இருக்கும். மான நட்ட வழக்குத் தொல்லையினால் பெயர் மாற்றப்பட்டது. ஃபேன் என்ற குடும்பப் பெயர்கூட அப்படி லேன் என்பதிலிருந்து மாறியதுதான். புத்தகம் பிழையில்லை.

முன்னுரையை முதலில் வாசிக்காதீர்கள். தாந்தேயின் இத்தாலிய வரிகளோடு தொடங்கும் அந்த முன்னுரையிலேயே புத்தகத்தை மூடிவைத்தவர்கள் உண்டு.

அளவு பார்த்தல்

நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, 300 சொல் வரை வாசியுங்கள். தெரியாத சொல்லுக்கு மட்டும் புள்ளி வையுங்கள். நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருந்தால்தான் துணையில்லாமல் வாசித்து விளங்கலாம் என்பது பால் நேஷன் போன்ற சொற்கள ஆய்வாளர்களின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 300க்கு 6 புள்ளி. 6க்குள் வந்தால் அகராதியைத் தூரவே வைக்கலாம். 15 வரை வந்தால் கீழே சொல்லும் முறை உங்களுக்குத்தான். 15ஐத் தாண்டினால், கற்போருக்காகச் சுருக்கி எழுதிய ஆங்கில நூல்களில் மூன்று, நான்கை முடித்துவிட்டு வாருங்கள். பிடிவாதமாகத் தொடங்கினால் வாசிப்பு சொல் பொறுக்கும் வேலையாகிவிடும், கதை ஓடாது. எண்ணிக்கையைப் புத்தகத்தின் பின் அட்டையில் திகதியோடு எழுதி வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

தினம் 45 நிமிடம்

முதல் இரண்டு கிழமை ஐந்து நாளும் ஒவ்வோர் அத்தியாயம், ஆகப் பத்து. மூன்றாம் கிழமையிலிருந்து கிழமைக்கு ஏழு. பன்னிரண்டாம் கிழமை முடிவில் 80. ஹோட்டல், படகு, வழிகாட்டி வேலையில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை மூச்சுவிட நேரமிருக்காது. மாரி தொடங்கும் நவம்பரில் எடுத்தால் ஜனவரி முடிவில் முடித்துவிடலாம்.

45 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் 10 நிமிடம் நேற்றைய அத்தியாயத்தை மறுபடி வாசிப்பது. இதைத்தான் எல்லோரும் முதலில் விட்டுவிடுகிறார்கள். சொல் மனதில் தங்குவது இந்த இரண்டாம் வாசிப்பில்தான். அடுத்த 20 நிமிடம் புதிய அத்தியாயம்: பென்சில் மட்டும், அகராதி இல்லை, தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிட்டு மேலே போவது. பிறகு 10 நிமிடம் கொப்பி. அடிக்கோடிட்டவற்றில் எட்டை மட்டும் தேர்ந்து பாருங்கள். இரண்டு தடவைக்கு மேல் வந்த சொல், அல்லது அது இல்லாமல் யார் என்ன செய்தார் என்றே விளங்காத சொல்: இவைதான் எட்டுக்குள் வரவேண்டும். தளபாடம், உடுப்பு, பூ வகையெல்லாம் போகட்டும். கடைசி 5 நிமிடம் வாய்விட்டு வாசிப்பு.

80 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடிடுங்கள்: அத்தியாய எண், தொடர், யார் யாருக்குச் சொன்னது, அதை நம் ஊரில் எப்படிச் சொல்வோம். தனிச் சொல்லை எழுதாதீர்கள். ‘அஃபேர்’ என்று மட்டும் எழுதி ‘கள்ளத் தொடர்பு’ என்று அருகில் போட்டால், அடுத்த அத்தியாயத்தில் அதே சொல் வெறும் ‘விஷயம்’, ‘அலுவல்’ என்ற பொருளில் வந்து குழப்பும். மூன்றாம் பத்தி வீண்வேலை மாதிரித் தோன்றும். ஆனால் ‘மை டியர்’ என்று காதலன் சொல்வதும், கோபத்தில் இருக்கும் கணவன் சொல்வதும், கன்னியர்மடத் தலைவி சொல்வதும் ஒன்றல்ல என்பதை அந்தப் பத்திதான் காட்டிக்கொடுக்கும். எழுதியதை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், 21ஆம் நாள் திருப்பிப் பாருங்கள். கந்தளாய்க்கோ கொழும்புக்கோ பஸ்ஸில் போகும்போது இந்தத் திருப்புதலைச் செய்யலாம். புதிய அத்தியாயத்தைப் பஸ்ஸில் எடுக்க வேண்டாம்.

‘தெரிஞ்சிருக்க வேணும்’ என்ற கண்ணி

நாவல் ஒரு மத்தியான நேரத்தில், பூட்டிய அறையில் தொடங்குகிறது. வெளியே யாரோ கதவைத் திறக்க முயல்கிறார்கள், பிறகு கைபிடி மெல்லத் திரும்புகிறது. வேலைக்காரியா, பையனா, கணவனேதானா? அடுத்த சில அத்தியாயங்கள் முழுக்க இந்த ஊகம்தான். இந்த நூலை எடுக்கச் சொல்வதற்கு முதற் காரணமும் இதுவே. கடந்துபோன ஒன்றைப் பற்றி ஊகிப்பது ஆங்கிலத்தில் நமக்கு மிகவும் வழுக்கும் இடம்.

தமிழில் வினைமுற்றே ஊகத்தைச் சுமந்துவிடுகிறது: தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சிருக்கலாம், தெரிஞ்சிருப்பார். ஆங்கிலத்தில் முன்னால் ஒரு துணைவினை, பிறகு ‘ஹேவ்’, பிறகு வினையின் மூன்றாம் வடிவம். ‘ஹீ மஸ்ட் ஹேவ் நோன்’ என்றால் அவருக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும். ‘ஹீ மைட் ஹேவ் நோன்’ என்றால் தெரிஞ்சிருக்கவும் கூடும். ‘ஹீ காண்ட் ஹேவ் நோன்’ என்றால் தெரிஞ்சிருக்க வழியே இல்லை. ‘ஹீ வுட் ஹேவ் நோன்’ என்று வந்தால், பின்னால் ஓர் ‘இஃப்’ ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்: இன்னது நடந்திருந்தால் தெரிஞ்சிருக்கும், நடக்கவில்லை.

சிக்கல் ‘ஷுட் ஹேவ்’ இல் இருக்கிறது. ‘அவருக்குத் தெரிஞ்சிருக்க வேணும்’ என்ற ஒரே தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள். தெரிந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். அல்லது, தெரிந்திருப்பது அவர் கடமை, தவறிவிட்டார் என்று குற்றம் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘மஸ்ட் ஹேவ்’, இரண்டாவது ‘ஷுட் ஹேவ்’. நம்மவர்கள் ‘வேணும்’ என்றதும் ‘ஷுட்’ போட்டுவிடுகிறார்கள். விருந்தாளியின் பதிவு கணினியில் இல்லை. ‘நீங்கள் வேற திகதிக்குப் பதிஞ்சிருக்க வேணும்’ என்று நினைத்துக்கொண்டு ‘யூ ஷுட் ஹேவ் புக்ட் எ டிஃபரண்ட் டேட்’ என்று சொன்னால், ‘வேற நாளல்லவா எடுத்திருக்கவேணும், பிழை உங்களுடையது’ என்று அவர் காதில் விழும். சொன்னவருக்கு ஏன் அவர் முகம் மாறியது என்றே விளங்காது.

ஆகவே முதல் பத்து அத்தியாயத்தில் ‘ஹேவ்’ வரும் இப்படியான தொடர் ஒவ்வொன்றையும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அருகில் ஊகம், குற்றச்சாட்டு, நடக்காதது என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். இருபது சேர்ந்ததும் கண் தானாகப் பிரித்தறியத் தொடங்கும். பேச்சில் இந்த ‘ஹேவ்’ தேய்ந்து ‘மஸ்டவ்’, ‘ஷுடவ்’ என்றுதான் கேட்கும். வாய்விட்டு வாசிக்கும்போது அப்படியே தேய்த்து வாசியுங்கள்.

‘வுட்’ இல் நமக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. ‘அப்ப ஒவ்வொரு கிழமையும் வருவார்’ என்று பழைய வழக்கத்தைத் தமிழில் எதிர்கால வடிவில்தான் சொல்கிறோம். ஆங்கிலமும் அதையே செய்கிறது: ‘ஹீ வுட் கம் எவ்ரி வீக்’. கிட்டி கல்யாணத்துக்கு முந்திய தன் வாழ்வை நினைக்கும் அத்தியாயங்களில் இதைக் கவனியுங்கள். நம் பிழை ‘வுட்’ க்குப் பதில் ‘வில்’ எழுதுவது மட்டுமே.

அந்தப் பின்கதை வரும் இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சந்தேகம் கொதித்துக்கொண்டிருக்கும்போது கதை திடீரென்று லண்டனுக்கும் தாயாரின் மாப்பிள்ளை தேடலுக்கும் போய்விடுகிறது. ‘ஹேட்’ அடுக்கடுக்காக வரும். அது வேகத்தடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சில ‘ஹேட்’ போட்டுக் காலத்தைப் பின்னே தள்ளிய பிறகு, எழுத்தாளர் சாதாரண இறந்தகாலத்துக்கு மாறிவிடுவார். எந்த வாக்கியத்தில் மாறுகிறார் என்று பென்சிலால் குறித்தாலே போதும்.

அவரா, அவனா?

ஆங்கிலத்தில் கணவனும் ‘ஹீ’, காதலனும் ‘ஹீ’. ஒரே பத்தியில் இருவரும் வரும்போது யார் என்று தடுமாறுவீர்கள். தமிழில் சொல்லிப் பார்த்தால் ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும்: கிட்டியின் மனதில் வால்டர் ‘அவர்’ ஆ, ‘அவன்’ ஆ? டவுன்செண்ட்? இதற்கு ஒரே விடை இல்லை. கதை போகப்போக மாறும். வாரத்துக்கு ஒரு பத்தியைத் தமிழில் எழுதி, ‘அவர்’ போட்ட இடத்துக்கும் ‘அவன்’ போட்ட இடத்துக்கும் காரணம் சொல்லிப் பாருங்கள். நம் மொழி விகுதியில் காட்டும் நெருக்கத்தையும் தூரத்தையும் ஆங்கிலம் எதில் காட்டுகிறது என்று அப்போது தெரியவரும்: பெயர் சொல்லி அழைப்பதா குடும்பப் பெயரா, ‘ஐம் அஃப்ரெய்ட்’ என்ற மெழுகு பூசிய தொடக்கமா, வேண்டுமென்றே குறுக்கிய விடையா. கைபேசி மொழிபெயர்ப்பியை இந்த வேலைக்கு நம்பக்கூடாது. ஒரே ஆளை ஒரு வரியில் ‘அவர்’ என்றும் அடுத்த வரியில் ‘அவன்’ என்றும் எழுதி வைக்கும்.

இன்னொன்று: மேற்கோள் குறி இல்லாமல் திடீரென்று ஒரு கேள்வி வரும், ‘வாட் ஹேட் ஷீ டன்?’ என்பதுபோல. கதாசிரியர் நம்மைக் கேட்கவில்லை. அது கிட்டியின் நினைப்பு. தமிழில் இங்கே ‘தான் என்ன செய்துவிட்டோம்?’ என்று எழுதுவோம். ‘ஷீ’ யைத் ‘தான்’ என்று மாற்றினால் பொருந்துகிறதென்றால் அது மன ஓட்டம். இந்தச் சோதனை அனேகமாகத் தவறுவதில்லை.

1925இன் பேச்சில் எடுப்பதும் விடுவதும்

கொப்பியில் ஒவ்வொரு தொடருக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: இன்றும் பேசலாம் என்றால் சரி அடையாளம், விளங்கினால் போதும் என்றால் வட்டம். ‘ஐ டேர் ஸே’, ‘ஐ ஷல்’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ எல்லாம் வட்டம். நேர்முகத் தேர்வில் அப்படிப் பேசினால் பாட்டன்மார் உடுப்பில் போனதுபோல இருக்கும். ‘ஐ பெக் யோர் பார்டன்’, ‘ஹேட் பெட்டர்’, ‘ஐ டோண்ட் மைண்ட்’ இன்றும் நடக்கும்.

சில சொற்கள் பொருள் மாறியவை. ‘மேக் லவ்’ அக்காலத்தில் காதல் வார்த்தை பேசுவது, பின்னால் திரிவது. இன்றைய பொருளில் வாசித்தால் ஆட்கள் விருந்தின் நடுவில் செய்வதெல்லாம் விபரீதமாகப் படும். ‘கே’ அங்கே கலகலப்பு. ‘காமன்’ என்றால் பொதுவானது அல்ல, தரம் தாழ்ந்த ஆள் என்ற ஏளனம். ‘மிஸ்ட்ரஸ்’ ஆசிரியையும் ஆகலாம், வீட்டு எசமானியும் ஆகலாம், வைப்பும் ஆகலாம், சூழலே கதி. சீனரைப் பற்றிய காலனிக்கால இழிசொற்களும் வரும். அவை எவருக்கும் எடுத்துப் பேசுவதற்கல்ல.

விவாகரத்துப் பேரம் நடக்கும் அத்தியாயத்தில் ‘கோ-ரெஸ்பாண்டண்ட்’, ‘டிக்ரீ அப்சல்யூட்’ என்ற சட்டச் சொற்கள் தடுக்கும். முதலாவது, மனைவியோடு தொடர்பு வைத்ததாகச் சொல்லி வழக்கில் சேர்க்கப்படும் ஆண். இரண்டாவது, இறுதித் தீர்ப்பு. இங்கேயும் பொதுச் சட்டப்படியான விவாகரத்தில் முதலில் இடைக்காலத் தீர்ப்பும், பிறகு இறுதித் தீர்ப்பும் வரும் என்பதால் விளங்குவது கடினமல்ல.

அகராதி கைவிடும் இடமும் உண்டு. சாகும்போது வால்டர் சொல்லும் கடைசி வரியில் ஒரு நாய் வரும். அது ஒலிவர் கோல்ட்ஸ்மித் எழுதிய வேடிக்கைப் பாட்டின் இறுதி அடி: விசர்நாய் மனிதனைக் கடிக்கிறது, மனிதன் சாவான் என்று ஊரே காத்திருக்க, நாய் செத்துப்போகிறது. கிட்டிக்கே முதலில் விளங்காததால் உங்களுக்கு விளங்காமல் போனதில் வெட்கமில்லை. மடத்துக் கன்னியரின் பிரெஞ்சுச் சொற்களைத் தாண்டிப் போங்கள்.

வாயில் ஏற்றுதல்

ஆசிரியர் பெயரை மோம் என்று சொல்லுங்கள். நடுவிலுள்ள எழுத்துகள் ஊமை. நூலின் பெயரிலும் ஆட்களின் பெயரிலும் நமக்கான உச்சரிப்புப் பயிற்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. முகத்திரை என்று பொருள்படும் ‘வெய்ல்’ சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். ‘வால்டர்’, ‘வாடிங்டன்’ (உள்நாட்டு ஊரில் இருக்கும் சுங்க அதிகாரி) சொல்லும்போது பல் தொடாமல் உதடு மட்டும் குவியவேண்டும். தமிழ் ‘வ’ இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் கேட்பவருக்கு முகத்திரை ஓலமாகிவிடும் (நமக்கோ அது வெயிலாகவே கேட்கும்). ‘ஃபேன்’ என்ற குடும்பப் பெயரைப் பகரத்தில் சொன்னால் வலி என்ற சொல்லுக்குக் கிட்டப் போய்விடும். வால்டருக்கு அது பொருத்தம்தான், ஆனாலும் திருத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்று தினம் பத்துத் தடவை.

வசனங்களை இரண்டு பேராக வாசிப்பது நல்லது. ஒருவர் கிட்டி, ஒருவர் வால்டர், பிறகு மாறி. ரியூசன் வகுப்பில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்து கூச்சமாக இருந்தால், தொடக்க அறைக் காட்சியை விட்டு, வாடிங்டனோடும் மடத்துத் தலைவியோடும் நடக்கும் உரையாடல்களை எடுங்கள். கணவன் மனைவியைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, இருந்தும் நேசித்தேன் என்று அடுக்கிச் சொல்லும் பேச்சை மட்டும் விடவேண்டாம். குரலை உயர்த்தாமல் வாசிக்க வேண்டும். முதல் தடவை எல்லோரும் மேடை நாடகம்போல் கத்துவார்கள். நான்காவது தடவைதான் அந்த அமைதியின் உறைப்பு வரும்.

எழுத்துப் பயிற்சி: ஒரு பொய், மூன்று காலம்

கிழமைக்கு ஒரு தடவை 120 சொல்லில் ஒரு சின்னப் பொய்யை எழுதுங்கள். ஊர் நம்முடையதாக இருக்கட்டும்: கோணேசர் கோயிலுக்குப் போனேன் என்று ஒருத்தி சொல்கிறாள், ஆனால் அந்த நேரம் கிண்ணியாப் பாலத்தடியில் அவளைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். முதல் பத்தி அவள் சொன்னது: சாதாரண இறந்தகாலம். இரண்டாம் பத்தி நடந்தது: ‘ஹேட்’. மூன்றாம் பத்தி வீட்டில் இருப்பவர் நினைப்பது: ‘மஸ்ட் ஹேவ்’, ‘காண்ட் ஹேவ்’.

இங்கே நம் ‘ஆம்’ விகுதி வழிக்கு வரும். ‘கோயிலுக்குப் போனவவாம்’ என்பதில் கேள்விப்பட்டதும் இருக்கிறது, நம்பாததும் இருக்கிறது. வெறும் கேள்விப்பட்டது என்றால் ‘அப்பாரண்ட்லி’. நம்பவில்லை என்றால் ‘சப்போஸட்லி’, அல்லது ‘ஷீ ஸேஸ் ஷீ வெண்ட்’ என்று ‘ஸேஸ்’ மேல் அழுத்தம். ‘இட் இஸ் டோல்ட் தட்’ என்று தொடங்குவது நம் வகுப்பறைகளில் மட்டும் உயிரோடிருக்கும் ஆங்கிலம், கைவிடுங்கள்.

ஆறாம் கிழமையிலும் பன்னிரண்டாம் கிழமையிலும் கோவலன் கதையைப் பத்து வாக்கியத்தில் எழுதுங்கள், அதில் நான்கு ‘வுட் ஹேவ்’ அல்லது ‘ஷுட் ஹேவ்’ இருக்கவேண்டும். பாண்டியன் விசாரித்திருந்தால் என்று தொடங்கினாலே இரண்டு கிடைத்துவிடும்.

முடித்த பிறகு

2006இல் எட்வர்ட் நோர்ட்டனும் நவோமி வாட்ஸும் நடித்து வந்த படத்தை ஆங்கில எழுத்துகளோடு பாருங்கள், ஆனால் 80ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு மட்டும். படத்தில் கணவனும் மனைவியும் நெருங்கிவிடுகிறார்கள். நாவல் அந்தச் சமாதானத்தைக் கொடுப்பதில்லை. முதலில் படம் பார்த்தவர்கள் நாவலில் இல்லாத காதலை நாவலில் வாசித்துவிடுகிறார்கள். படத்துக்கும் நூலுக்கும் இடையே ஐந்து வேறுபாட்டை ஆங்கிலத்தில் எழுதியபின், முன்பு எண்ணிய அதே 300 சொல்லை எடுத்துப் புள்ளிகளை மறுபடி எண்ணுங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் ‘த அவேக்கனிங்’கை அகராதியில்லாமல் தொடங்கலாம். குறையவில்லையென்றால், அனேகமாக அந்த முதல் 10 நிமிட மறுவாசிப்பை நீங்கள் செய்யவில்லை. அதைச் சேர்த்துக்கொண்டு 41ஆம் அத்தியாயத்திலிருந்து திரும்பவும் வாருங்கள்.